நுளம்புமன்று, கொசுவுமன்று

கல்லூரியில் உயிரியல் கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. வீட்டிலையானின் வாயுறுப்புகளைப் புத்தகத்தைப் பாராமலே கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் முறை தவறாது சொல்வேன். இத்தகைய நான், என் சொந்த வீட்டுக் குளியலறைச் சுவரிலே காலையும் மாலையும் கண்ணெதிரே வீற்றிருந்த ஒரு சிறு பூச்சி இன்னதென்று அறியாமல் ஐந்து வாரங்களைக் கழித்தேன். அறியாமலிருந்ததுகூடப் பெரிய குற்றமன்று. அறியாமலே அதற்கு ஒரு பெயரும் சூட்டி, அப்பெயரை நம்பிப் பெருந்தவறொன்றும் செய்ய இருந்தேன். அந்தக் கதையையே இங்கு சொல்லப் போகின்றேன். படிக்கும் தாய்மாருக்கும் மாணவருக்கும் அதனால் ஏதேனும் பயன் விளையுமானால், நான் பட்ட வெட்கம் வீண்போகவில்லை என்று ஆறுதலடைவேன்.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில், மானிப்பாயிலிருந்து சங்கானை நோக்கிச் செல்லும் வீதியிலிருந்து சற்று உள்ளே அமைந்துள்ளது. காற்று வாக்காக இருந்தால் கல்வளைப் பிள்ளையார் கோயில் மணியோசை முற்றத்திலே கேட்கும். அது என் தகப்பனார் கட்டிய வீடு. அக்காலத்து வழக்கப்படி வீடு ஓரிடம், கிணறு ஓரிடம், மலசலகூடம் வளவின் கோடியிலே வேறோரிடம். குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் கிணற்றடியில். அங்கே ஊற்றுகின்ற நீர் சீமெந்தாற் கட்டிய சிறு கானொன்றின் வழியே ஓடி வாழைகளுக்குப் பாயும். அந்தக் கானில் பாசி படிய என் தாயார் ஒருநாளும் விட்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில், தாம் முழுகுவதற்கு முன்பாக, ஈர்க்கு விளக்குமாற்றைக் கையிலெடுத்து அதனை உரஞ்சி உரஞ்சிக் கழுவுவார். பின்பு வெயில் ஏறி அதனைக் காயவைத்துவிடும். சிறுவனாயிருந்தபோது அந்த உரஞ்சும் ஓசை கேட்டுத்தான் நான் வெள்ளிக்கிழமை என்று அறிந்துகொள்வது.

காலம் மாறிற்று. தாயாருக்கு முழங்கால் வலி மிகுந்தது. "அம்மா இருட்டிலே கிணற்றடிக்கு நடக்கக் கூடாது" என்று ரொறன்ரோவிலுள்ள என் தம்பி பணம் அனுப்பினான். 2019ஆம் ஆண்டில், வீட்டோடு சேர்த்து, மாபிள் பதித்த குளியலறையொன்றைக் கட்டி முடித்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆயினும் அம்மாவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

"குசினிக்குப் பக்கத்திலே கக்கூசோ, தம்பி? நல்ல காலந்தான்!" என்றார்.

இருந்தும், பிள்ளை அனுப்பிய காசு என்ற காரணத்துக்காக இரவுகளில் மட்டும் அதனைப் பயன்படுத்தி வந்தார். பகலெல்லாம் கிணற்றடிதான். நாங்களும் பழக்கத்தை விடமுடியாமல் பெரும்பாலும் அவரோடு கிணற்றடிக்கே போனோம். ஆக, அந்தப் புதிய குளியலறை அரைவாசி நேரம் வெறுமனே கிடந்தது. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு வேலையிருக்கின்றது.

2023ஆம் ஆண்டின் மார்கழியிலும் 2024ஆம் ஆண்டின் தையிலும் யாழ்ப்பாண மாவட்டமெங்கும் டெங்குக் காய்ச்சல் பரவியதை நம்மவர் எவரும் மறந்திரார். என் மகளும் அப்போது ஆறு நாள் வைத்தியசாலையிற் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் இரத்தத்தைப் பரிசோதித்து வைத்தியர் சொல்லும் எண்ணிக்கைக்காக நானும் மனைவியும் கட்டிலருகே காத்திருந்த அந்த ஆறு நாளும் ஆறு யுகமாகக் கழிந்தன. பிள்ளை நலமாய் வீடு திரும்பினாள். ஆனால் அன்றுதொட்டு இறக்கையுள்ள எந்தச் சிறு பிராணியைக் கண்டாலும் என் மனைவிக்கு நெஞ்சு பதறத் தொடங்கிற்று.

இந்நிலையில் 2024ஆம் ஆண்டு ஐப்பசியில், மாரி தொடங்கிய நாட்களில், குளியலறைச் சுவரில் கறுப்புப் பொட்டுப்போல ஒன்று தோன்றியது. மறுநாள் மூன்று. ஒரு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு. கையை ஓங்கினால் சிறிது தூரம் தத்தளித்துப் பறந்து மறுபடியும் சுவரிலேயே அமரும்.

"நுளம்பு பெருகிவிட்டது, இஞ்சாருங்கோ, பாருங்கோ" என்றாள் மனைவி.

நான் எட்டிப் பார்த்தேன்; ஒரு கணந்தான் பார்த்தேன். "உது நுளம்பில்லை, கொசு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

நுளம்பு, கொசு என்னும் இவ்விரு சொற்களைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தமிழகத்தார் இரத்தங் குடிக்கும் பூச்சியைக் கொசு என்பர். நாமோ அதனை நுளம்பென்போம். கனிந்த பழத்தை மொய்க்கும் சிற்றீயையே கொசு என்போம். இலையான், நுளம்பு, கொசு என்று ஈயினத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருப்பது நம் யாழ்ப்பாணத்துத் தமிழுக்கு ஒரு செல்வமே. ஆனால் அந்தச் செல்வத்தில் ஒரு தீங்கும் உண்டு. மூன்று பெட்டிகள் இருக்கும்போது, நாலாவதாக ஒன்று வந்தால் அதனையும் அம்மூன்றில் ஒன்றுக்குள் திணித்துவிடவே மனம் விழைகின்றது. நானும் அதனையே செய்தேன். கொசுவென்று தீர்ப்பளித்த குற்றத்துக்காகக் குசினியில் தூங்கிய கப்பல் வாழைக்குலையை வெளியே கொண்டுபோய்க் கட்டினேன். குலை அணிலுக்கு இரையாயிற்று. பூச்சிகளோ குறையவில்லை. மனைவி நுளம்பென்று நம்பி மாலைதோறும் நுளம்புத்திரி கொளுத்தினாள். அதனாலும் பயனில்லை.

அம்மா வேறொரு முடிவுக்கு வந்தார். "சாமி கும்பிடுகிற உடம்போடு அந்தப் பூச்சிக்குள்ளே நான் போகமாட்டேன்" என்று சொல்லி, இரவிலும் கிணற்றடிக்கே நடக்கத் தொடங்கினார். கார்த்திகை மாதத்து மழையிரவொன்றில், கையில் மின்சூளோடு போனவர் ஈரக் கல்லிலே வழுக்கினார். நல்லகாலம், பழைய துலாக்கால் இன்னும் அங்கே நின்றது. அதனை எட்டிப் பிடித்துக்கொண்டார். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. ஒரு சாண் இப்பாலோ அப்பாலோ விழுந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணி அன்றிரவு முழுவதும் நான் கண்ணுறங்கவில்லை.

விடிந்ததும் ஆத்திரத்தோடு கடைக்குப் போனேன். வெங்காயத் தோட்டத்துக்குத் தெளிக்கின்ற கடுமையான பூச்சிமருந்திலே ஒரு போத்தல் வாங்கி வந்தேன். அதனைக் குளியலறைத் துவாரத்தில் ஊற்றி, ஒரேயடியாய் இந்தப் பூச்சிக் குலத்தை நாசமாக்குவது என் எண்ணம். மூடியைத் திருகக் கை வைத்தபோது மகள் அருகில் வந்து நின்றாள்.

"அப்பா, இந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது?"

"வளவுக்குள் வெட்டிய கழிவுநீர்க் குழியில்."

"குழியிலிருந்து?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும்; வகுப்பிலே எத்தனையோ முறை கற்பித்த பாடம் அது. குழிக்கும் எங்கள் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே ஐம்பது அடி தூரந்தான்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த நிலம். அந்தக் கல்லிலே வெடிப்புகளும் துவாரங்களும் குகைபோன்ற வெளிகளும் நிறைந்துள்ளன. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அத்தன்மைக்குக் கண்கண்ட சான்றுகள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கில்லை. நம் ஊரின் பக்கமாகச் செல்லும் வழுக்கையாறும் மாரிக்கு ஓடிக் கோடைக்கு வறண்டுவிடுவது. மழைநீர் கல்லிடுக்குகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. அதுவே நம் கிணற்று நீர். மேலே நாம் ஊற்றுவது எதுவோ அதுவும் அவ்வழியே கீழே இறங்கும். தோட்டங்களுக்கிடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மீறியிருப்பதை ஆய்வுகள் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளன. 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டதென்று எழுந்த கலக்கத்தையும் நாம் மறந்துவிடவில்லை. இவ்வளவும் அறிந்த நான், ஒரு சுண்டுவிரல் நகத்தளவும் இல்லாத பூச்சியைக் கொல்ல, என் தாயும் பிள்ளையும் குடிக்கும் நீரை நோக்கி ஒரு போத்தல் நஞ்சை அனுப்ப இருந்தேன்! அதுவும், அந்தப் பூச்சி யாரென்றே அறியாமல்.

போத்தலை அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன். "முதலில் அது என்னவென்று பார்ப்போம்" என்றேன். மகளின் முகம் மலர்ந்தது.

அன்றிரவு கண்ணாடிக் குவளையொன்றைச் சுவரிலிருந்த பூச்சியின்மேல் கவிழ்த்தோம். அடியிலே ஒரு தபாலட்டையைச் செருகினோம். கைதி அகப்பட்டது. கைவில்லையினூடே மகள் பார்த்தாள். பின்பு நான் பார்த்தேன். பார்த்த கணமே எனக்கு நாணமுண்டாயிற்று. இதனையா கொசு என்றேன்!

நீளம் ஏறக்குறைய மூன்று, நான்கு மில்லிமீற்றர். உடலெங்கும் அடர்ந்த மயிர், இறக்கைகளிலுங்கூட மயிர். இலைபோல அகன்று நுனி கூர்ந்த அவ்விறக்கைகளை விரித்து அது சுவரில் அமர்ந்திருக்கும்போது மேலிருந்து பார்த்தால் சிறியதொரு இதய வடிவந் தோன்றும். நிறம் கருஞ்சாம்பல். இறக்கையின் ஓரத்திலே நரம்புகள் முடியுமிடந்தோறும் வெண்ணிறப் புள்ளிகள், சேலைக்கரையில் மணி கோத்ததுபோல. உணர்கொம்புகள் மயிரடர்ந்த மணிமாலைகள்போல் இருந்தன. முன்பு ஒன்றைக் கையால் அடித்தபோது சுவரிலே சாம்பல் தீற்றியதுபோல ஒரு கறை எஞ்சியது. அதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. உதிர்ந்த மயிரே அந்தச் சாம்பல்.

"அப்பா, இது குட்டி அந்துப்பூச்சி அல்லவா?" என்றாள் மகள்.

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் அந்துப்பூச்சிக்கு இறக்கைகள் நான்கு. அவற்றை மூடியிருப்பவை செதில்கள். இதற்கு இறக்கைகள் இரண்டே, மூடியிருப்பது மயிர். பின்னிறக்கைகள் இருக்கவேண்டிய இடத்திலே குண்டூசிபோன்ற இரு சிறு குமிழ்கள் மட்டும் உள்ளன. அவை பறக்கும்போது உடலைச் சமநிலையில் வைத்திருக்க உதவுபவை. இரண்டு இறக்கையும் இரண்டு குமிழுமாக இருந்தால் அது ஈயினம் என்பது நானே கற்பிக்கும் பாடம். ஆகவே இது அந்துபோன்ற ஈ. நூல்களைப் புரட்டியும் படங்களோடு ஒப்பிட்டும் பார்த்ததில் ஐயம் நீங்கிற்று. அறிவியலார் இந்தக் குடும்பத்தைச் சைக்கோடிடே என்பர். சைக்கீ என்ற கிரேக்கச் சொல் ஆன்மாவையும் குறிக்கும், வண்ணாத்துப்பூச்சியையும் குறிக்கும். எங்கள் வீட்டு விருந்தாளியின் முழுப்பெயர் குளொக்மியா அல்பிபங்க்டாட்டா; பின்பாதியின் பொருள் வெண்புள்ளியுடையது என்பது. வில்லிஸ்ரன் என்ற அமெரிக்கப் பூச்சியியலறிஞர் 1893ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் விவரித்தார். தமிழில் வடிகால் ஈ என்று நாம் அழைக்கலாம். இதன் பிறப்பிடமே வடிகால் ஆகையால்.

வீட்டுச் சுவரில் ஒன்றைக் கண்டால் எப்படி இனங்காண்பது? தாய்மார் நினைவில் வைத்துக்கொள்ளும்படி சுருக்கமாகச் சொல்கின்றேன். நுளம்பு மெலிந்த உடலும், நீண்ட கால்களும், முன்னே நீட்டிய ஊசிபோன்ற வாயும் உடையது, இறக்கைகள் ஒடுங்கியவை. டெங்கைப் பரப்பும் நுளம்பின் கால்களில் வெள்ளை வளையங்கள் உண்டு. அது பகலிலே கடிக்கும். தேங்கிநிற்கும் தெளிந்த நீரிலே பெருகும். கொசு, பழத்தையும் புளித்தவற்றையும் நாடுவது. அதன் இறக்கைகள் கண்ணாடிபோலத் தெளிந்தவை. கண்கள் பெரும்பாலும் சிவந்தவை. வடிகால் ஈயோ அகன்ற மயிரிறக்கையோடு ஈரச் சுவரில் சும்மா அமர்ந்திருப்பது; பறப்பதிற் சோம்பேறி; எவரையும் கடிப்பதில்லை. இரத்தங் குடிக்கும் வாய் அதற்கு அமையவில்லை.

ஆனால் இதே குடும்பத்தில் கடிக்கின்ற உறவினன் ஒருவன் உண்டு. அவனை வேறுபிரித்து அறிவது மிகமிக முக்கியம். அவன் பெயர் மணல் ஈ. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளம், வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், மெலிந்த உடல், நெடுங்கால்கள். அமரும்போது ஒடுங்கிய இறக்கைகளை மேல்நோக்கி உயர்த்தி வைத்திருப்பான். வடிகால் ஈயைப்போலத் தாழ விரித்து வையான். தத்தித் தத்திப் பறப்பான். அவன் பிறப்பது குழாயிலன்று. மாட்டுத் தொழுவம், மண்சுவர் வெடிப்பு முதலிய ஈரமண்ணில். பெண் ஈ இரத்தங் குடிக்கும். குடிக்கும்போது லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை மனித உடலிற் செலுத்தவும் கூடும். அந்த ஒட்டுண்ணியை 1903ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்ட இருவருள் ஒருவரான சார்ள்ஸ் டொனவன், சென்னை அரசினர் பொது வைத்தியசாலையிற் கடமையாற்றியவர். மணல் ஈயின் கடியாலேயே காலா-அசார் என்ற கொடுநோய் பரவுகின்றதென்பதைச் சுவாமிநாத், ஷோர்ட், அன்டர்சன் என்னும் மூவர் 1942ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவினர். நம் இலங்கையில் இந்த ஒட்டுண்ணி பெரும்பாலும் தோலில் நோவில்லாத பருக்களையும் எளிதில் ஆறாத புண்களையுமே உண்டாக்குகின்றது. உள்ளூரிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டார். 2008ஆம் ஆண்டுமுதல் இது அறிவிக்கப்படவேண்டிய நோயாயிற்று. ஆகவே, வாரக்கணக்காக ஆறாத புண் இருப்பவர், 'ஏதோ பூச்சி கடித்தது' என்று விட்டுவிடாது வைத்தியரிடம் காட்டவேண்டும். சுவரிலிருக்கும் சாதுவைக் கண்டு பயப்படாதிருக்கவும், பயப்படவேண்டியவனைக் கண்டு அலட்சியமாயிராதிருக்கவும் பெயர் அறிந்திருத்தல் அவசியம் என்பது இதனால் விளங்கும்.

பெயர் தெரிந்தது, அடுத்தது ஊர் தெரியவேண்டும். எங்கள் வீட்டிலே நீர் இறங்கும் வாய்கள் மூன்று: குசினியிற் பாத்திரங் கழுவும் தொட்டி, முகங்கழுவும் தொட்டி, குளியலறைத் தரை. இரவிலே அவற்றின் விளிம்பை நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டுநாடாவை வாயின் குறுக்கே ஒட்டினோம். முழுவதும் அடைத்துவிடாது காற்றுக்குச் சிறிது இடைவெளி விட்டோம். விடியற்காலையில் மகள் ஓடிப்போய்ப் பார்த்தாள். குசினியில் ஒன்றுமில்லை. முகங்கழுவும் தொட்டியில் ஒன்று. குளியலறைத் தரையில் ஒன்பது! ஒரு நாளிரவை மட்டும் நம்பலாகாதென்று மேலும் மூன்றிரவு சோதித்தோம். விடை மாறவில்லை.

தரைத் துவாரத்தின் மூடியைக் கழற்றினேன். குழாயின் உட்சுவரெங்கும் விரலளவு தடிப்பில் கறுத்த வழுவழுப்பான படலம். தலைமயிர், சவர்க்காரக் கசடு, உடம்பழுக்கு யாவும் கூடி, அவற்றின்மேல் நுண்ணுயிர்கள் பெருகி, பாகுபோல் ஒட்டியிருந்தன. குச்சியால் சிறிது எடுத்துத் தட்டிலே வைத்து நீர் விட்டபோது, காலில்லாத சாம்பல்நிறப் புழுக்கள் சில நெளிந்தன. வாலிலுள்ள சிறு குழலை வெளியே நீட்டிக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, தலையைப் பாகுக்குள் புதைத்து அவை உணவுண்ணும். ஒரு தாய் ஈ இடும் முட்டைகள் முப்பதுமுதல் நூறுவரை. ஏறக்குறைய இரண்டு நாளில் முட்டை பொரிக்கும். ஒன்பதுமுதல் பதினைந்து நாள்வரை புழு. ஓரிரு நாள் கூட்டுப்புழு. பின்பு ஏறக்குறைய இரண்டு வாரம் ஈயாக வாழ்வு. அவற்றுக்கு வேண்டியது இரண்டே: ஈரம், அசைக்கப்படாத அழுக்கு.

இப்போது, முன்னர் மனத்தில் வைக்கச் சொன்ன செய்திக்கு வருகின்றேன். நாங்கள் அந்தக் குளியலறையை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. ஈரம் இருந்தது, ஆனால் படலத்தை அடித்துச் செல்லும் நீரோட்டம் இல்லை. பயன்படுத்தாததால் ஈ பெருகிற்று; ஈ பெருகியதால் அம்மா பயன்படுத்துவதை அடியோடு விட்டார்; அதனால் ஈ இன்னும் பெருகிற்று. தாயார் கிணற்றடியில் வழுக்கியதற்குக் காரணமான வட்டம் இதுதான்.

வட்டத்தை உடைக்க முதலில் கொதிநீரைக் கொண்டு முயன்றேன். இரண்டு கேத்தல் ஊற்றினேன். மூன்றாம் நாளே சுவரிலே புதியவை வந்தன. வெளிற்றும் திரவத்தை ஊற்றுவோமென்றாள் மனைவி. அதுவும் பெரும்பயன் தருவதில்லை. ஏனெனில் நீர் கணப்பொழுதில் ஓடிவிடும், பாகு கவசம்போல் நின்று புழுவைக் காக்கும். மேலும், வெளிற்றும் திரவத்தோடு மலசலகூடங் கழுவும் அமிலத்தைக் கலந்தால் மூச்சைத் திணறச் செய்யும் குளோரீன் வாயு எழும். மூடிய அறையிலே இது உயிராபத்து, ஒருபோதும் செய்யலாகாது.

திண்ணையிலிருந்து எங்கள் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, பாக்கை வாயிலொதுக்கிக்கொண்டு சொன்னார்:

"கானென்றால் உரஞ்சிக் கழுவவேணும், தம்பி. மருந்தூத்தினால் அழுக்குப் போகுமோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அம்மா அறுபது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் செய்துவந்ததே இந்த நோய்க்கு மருந்து. கண்ணெதிரே ஓடிய கானைக் கழுவத் தெரிந்த நாம், அது மாபிளுக்குக் கீழே குழாயாக மறைந்ததும், கழுவவேண்டியது ஒன்று உண்டென்பதையே மறந்துவிட்டோம். மறைந்த கானும் கானே அல்லவா?

நீண்ட தடியின் நுனியிலே தேங்காய்த் தும்பை இறுகக் கட்டி ஒரு தூரிகை செய்தோம். மூடியை அகற்றி, கை எட்டுமட்டும் குழாயின் உட்சுவரைச் சவர்க்காரமிட்டு உரஞ்சினோம். வந்த கசடைத் திரும்பக் குழாயில் விடாது வாரி மண்ணிற் புதைத்தோம். மூடியின் அடிப்பக்கத்தையும் தேய்த்தோம். அங்கேயும் முட்டைகள் ஒளிந்திருக்கக்கூடும். பின்பு வாளி வாளியாக நீர் ஊற்றினோம். சுவரிலிருந்தவற்றை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தோம். ஒரு நாளோடு முடியும் வேலையன்று இது. எஞ்சிய முட்டையும் கூட்டுப்புழுவும் பின்பும் ஈயாகி வரும். எனவே இரண்டு நாளுக்கொருமுறையாக மூன்று வாரம் செய்தோம். நாள்தோறும் மகள் சுவரிலுள்ளவற்றை எண்ணிக் கொப்பியிற் குறித்தாள். பதினொன்று, ஒன்பது, ஆறு, ஆறு, இரண்டு என்று குறைந்து, பதினேழாம் நாள் சுழியம் எழுதினாள். ஒரு சதமும் மருந்துக்குச் செலவில்லை.

இவ்வளவு செய்தும் குறையாவிடில், தரைக்குக் கீழே குழாய் வெடித்துக் கசிகின்றதோ என்று மேசனைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும். நம் ஊர்களிலே வேறொரு காரணமும் உண்டு. உரியவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! குழாயின் வளைவிலே எப்போதும் சிறிது நீர் தங்கி, குழியின் நாற்றத்தையும் பூச்சியையும் மேலே வரவிடாது தடுக்கின்றது. வீடு பூட்டியிருந்தால் அந்நீர் வற்றிவிடும், வழி திறந்துவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து கதவைத் திறப்பவரை முதலில் வரவேற்பது இந்த ஈக்கூட்டந்தான். அத்தகைய வீடுகளின் திறப்பை வைத்திருக்கும் அயலவர், வாரத்துக்கொருமுறை ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு செம்பு நீர் ஊற்றிவிட்டால் போதும்.

வடிகால் ஈ முற்றாகத் தீங்கற்றதென்றும் சொல்லமாட்டேன். அழுக்கிலே பிறந்து உணவின்மேல் அமருமானால், காலோடு கிருமியைக் கொண்டுவரக்கூடும். ஜேர்மனிய வைத்தியசாலைகளில் பிடித்த இவ்வீக்களின் உடலில் நோய்க்கிருமிகள் காணப்பட்டதாக 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. உதிரும் மயிர் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குவதும் உண்டு. ஆயினும் உரிய இடத்தில் இது ஓர் ஊழியன். நகரங்களிலே கழிவுநீரைக் கற்படுக்கைகளின்மேல் சொட்டவிட்டுத் தூய்மையாக்கும் முறையொன்று இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயிற்று. அக்கற்களின்மேல் படியும் பாகை இவ்வினப் புழுக்கள் மேய்ந்து உண்பதால், படுக்கை அடைபடாது நீர் இறங்குகின்றது. அழுக்கைத் தின்னப் பிறந்த உயிர் அது. நம் வீட்டில் அதற்கு உணவு வைத்தவர்கள் நாமே.

பூட்டி வைத்த போத்தலை, முத்திரை உடையாமலே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். "வேலை செய்யவில்லையோ, மாஸ்டர்?" என்று கேட்டார். "வேலை கொடுக்கவில்லை" என்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமை விடியற்காலைகளில் எங்கள் குளியலறையிலிருந்து மறுபடியும் அந்த உரஞ்சும் ஓசை கேட்கின்றது. தடியைப் பிடிப்பவர்கள் நானும் மகளும் முறைவைத்து. கதவோரத்தில் முக்காலியிலிருந்து மேற்பார்வை செய்பவர் அம்மா. "அந்த மூலையையும் பார்" என்று சொல்லுவார். முடிந்ததும் முதலில் முழுகுவதும் அவரே. இரவுகளில் அவர் கிணற்றடிக்குப் போவதில்லை. என் மனைவியும் இப்போது சுவரிலே ஒன்றைக் கண்டால் அலறுவதில்லை. கைவில்லையை எடுத்துவரும்படி மகளைக் கூப்பிடுகின்றாள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கின்றேன். நான் ஒரு கணம் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரால் ஒரு வாழைக்குலை வீணாயிற்று. ஒரு கிணறு கெட்டிருக்கும். பிறகு பத்து நிமிடம் நின்று பார்த்தேன். செய்யவேண்டியது தானே விளங்கிற்று. ஆகவே எதையும் முதலில் நின்று பாருங்கள். பின்பு பெயர் சொல்லுங்கள். கையை ஓங்குவது அதற்குப் பிறகு ஆகட்டும்.